எம்.எஸ்ஸி. உயிரியல் சேர்க்கை: வடசென்னையிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஜூன் கடைசியில் என் வீட்டுக் கதவைத் தட்டும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள். "மிஸ், டிகிரி முடிச்சிட்டேன். எம்.எஸ்ஸி. எதுல போடலாம்?" கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஆறு செமஸ்டர் மார்க் ஷீட். மார்க் நன்றாகத்தான் இருக்கும். நான் அதை வாங்கிப் பார்ப்பதற்கு முன்னாலேயே, "மார்ச்ல ஏதாவது என்ட்ரன்ஸ் எழுதினியாம்மா?" என்று கேட்டுவிடுவேன். "எந்த என்ட்ரன்ஸ் மிஸ்?" என்று பதில் வந்தால், பாதிக் கதவு ஏற்கெனவே சாத்தியாகிவிட்டது என்று அர்த்தம்.

தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறேன். அரசுக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளராக விலங்கியல் நடத்துகிறேன். காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர் என்று சுற்றுவட்டாரப் பிள்ளைகள்தான் என் வகுப்பில். நான் பார்த்தவரை, இவர்கள் எம்.எஸ்ஸி. இடத்தை மார்க்கில் கோட்டைவிடுவது குறைவு. தேதியிலும் சான்றிதழிலும்தான் கோட்டைவிடுகிறார்கள். அதனால் இங்கே அந்த இரண்டுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். பி.எஸ்ஸி. மூன்றாம் வருஷம் தொடங்கும்போதே இதைப் படித்தால் நல்லது. ரிசல்ட் வந்தபிறகு படிப்பவர்கள் நேராக அரசுக் கல்லூரி பற்றிய பகுதிக்குப் போங்கள். அந்தக் கதவு அப்போதும் திறந்திருக்கும்.

படி 1: எந்த உயிரியல்?

வெறும் 'பயாலஜி' என்று எம்.எஸ்ஸி. தேடினால் நம் ஊரில் அதிகம் சிக்காது. தாவரவியல், விலங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், பயோடெக்னாலஜி, மரைன் பயாலஜி, லைஃப் சயின்ஸ் என்று பிரிந்து கிடக்கும். எதை எடுப்பது என்பதற்கு என்னுடைய கேள்வி ஒன்றுதான்: படித்து முடித்து என்ன செய்யப் போகிறாய்?

பள்ளிக்கூடத்தில் முதுகலை ஆசிரியர் ஆக வேண்டும் என்றால் தாவரவியலோ விலங்கியலோ எடு, அதுவும் பி.எஸ்ஸி.யில் எதைப் படித்தாயோ அதையே எடு. பி.எஸ்ஸி. ஒரு பாடம், எம்.எஸ்ஸி. வேறு பாடம் என்று போனால் 'கிராஸ் மேஜர்' என்ற தலைவலி டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) அறிவிப்பு வரும்போது எழும். பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்துவிட்டு, பெயர் கவர்ச்சியாக இருக்கிறது என்று பயோடெக் போய், பிறகு ஆசிரியர் தேர்வு அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அழுத பிள்ளைகள் உண்டு.

ஆராய்ச்சிதான் ஆசை என்றால் இவ்வளவு கறாராக இருக்கத் தேவையில்லை. சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல் எல்லாருக்கும் சேர்த்து 'லைஃப் சயின்சஸ்' என்று ஒரே தாள்தான். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். காசிமேட்டில் வலையோடு வளர்ந்த பிள்ளைக்கு மாதம் 37,000 ரூபாய் வாங்கிக்கொண்டு மீனைப் பற்றிப் படிக்கலாம் என்று சொன்னால் முதலில் நம்பாது.

கடல் பக்கம் போக நினைப்பவர்களுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையம் இருக்கிறது. பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறதே, பக்கம்தானே என்று பலர் கேட்பார்கள். அங்கே எம்.எஃப்.எஸ்ஸி. (மீன்வள முதுநிலை) சேர பி.எஃப்.எஸ்ஸி. (மீன்வள இளநிலை) படித்திருக்க வேண்டும், பி.எஸ்ஸி. விலங்கியலை வைத்துக்கொண்டு அந்த வாசலில் நிற்க வேண்டாம்.

படி 2: எத்தனை கதவு, எப்போது திறக்கும்

இது ஒரு வருஷக் கணக்கு. மூன்றாம் வருஷம் ஐந்தாவது செமஸ்டர் நடக்கும்போதே தொடங்கிவிடுகிறது.

செப்டம்பர், அக்டோபரில் ஜாம் தேர்வுக்கு விண்ணப்பம். தேர்வு பிப்ரவரியில். ஐ.ஐ.டி.களின் எம்.எஸ்ஸி.க்கான வாசல் இது. நமக்கான தாள் பயோடெக்னாலஜி. மும்பை, ரூர்க்கி ஐ.ஐ.டி.கள் இந்தத் தாளை வைத்து எடுக்கிறார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கும் இதுவே ஒரு வழி. நூறு மதிப்பெண், அறுபது கேள்வி, மூன்று மணி நேரம். உயிரியலோடு பிளஸ் டூ அளவு வேதியியல், இயற்பியல், கணக்கும் வரும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் பக்கத்து அரசுப் பள்ளிகளில் 'ப்யூர் சயின்ஸ்' குரூப் எடுத்து, கணக்கே இல்லாமல் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் நிறைய. சில ஐ.ஐ.டி. படிப்புகள் பிளஸ் டூவில் கணக்குப் படித்திருக்க வேண்டும் என்று கேட்கும். பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தப் படிப்பின் தகுதி விதியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள்.

டிசம்பர், ஜனவரிவாக்கில் க்யூட் பி.ஜி. என்ற முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம், மார்ச்சில் தேர்வு. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம், டெல்லி, ஐதராபாத் எல்லாம் இதற்குள் வரும். 75 கேள்வி, சரியானதற்கு 4, தப்புக்கு 1 கழியும். தமிழில் கேள்வித்தாள் கிடையாது. சென்னையிலேயே மையம் உண்டு. ஒரே விண்ணப்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தாள் எடுக்கலாம். லைஃப் சயின்சஸோடு விலங்கியலோ தாவரவியலோ சேர்த்து எடுக்கச் சொல்வேன், கதவு கூடும்.

க்யூட் எழுதியவர்களில் பாதிப் பேர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தேர்வு எழுதி ஸ்கோர் வந்துவிட்டால் பல்கலைக்கழகமே கூப்பிடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கூப்பிடாது. ரிசல்ட்டுக்குப் பிறகு ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தளத்திலும் தனித்தனியாகப் பதிவு செய்து, தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். அந்தப் பதிவு சில நாட்கள்தான் திறந்திருக்கும். போன வருஷம் கொருக்குப்பேட்டைப் பையன் ஒருவன் நல்ல ஸ்கோரை வைத்துக்கொண்டு ஜூலை வரை காத்திருந்தான். "லெட்டர் வரும்னு பாத்துனு இருந்தேன் மிஸ்" என்றான்.

பயோடெக்னாலஜி குறிப்பாக வேண்டுமென்றால் கேட்-பி என்று ஒரு தேர்வு உண்டு. மத்திய அரசின் பயோடெக்னாலஜித் துறை ஆதரவில் நடக்கும் படிப்புகளுக்கு அது. அதில் சேருபவர்களுக்கு உதவித்தொகையும் கிடைக்கும்.

ஏப்ரலிலிருந்து ஜூன் வரை சென்னைப் பல்கலைக்கழகத் துறைகளையும், தனியார், அரசு உதவிபெறும் கல்லூரிகளையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல், விலங்கியல், உயிர்வேதியியல், பயோடெக்னாலஜி எல்லாம் கிண்டி வளாகத்தில். ஜெனடிக்ஸ், மெடிக்கல் பயோகெமிஸ்ட்ரி போன்றவை தரமணி வளாகத்தில். "அவ்ளோ தூரமா?" என்று முகம் சுளிக்க வேண்டாம். விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமலே சின்னமலை, கிண்டி. தரமணிக்குக் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து பறக்கும் ரயில். புத்தகத்தைத் திறந்தால் போக வர ஒரு பாடம் முடியும்.

அரசுக் கல்லூரி: ரிசல்ட்டுக்குப் பிறகும் திறந்திருக்கும் கதவு

அரசு கலை அறிவியல் கல்லூரிகள் அனைத்துக்கும் டிஎன்காசா என்ற ஒரே இணையதளம்தான். முதுநிலை விண்ணப்பம் பொதுவாக ஜூலை, ஆகஸ்ட்டில் வரும். விண்ணப்பக் கட்டணம் மிகக் குறைவு, இரண்டு டீ, இரண்டு பஜ்ஜிக் காசு, எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை, பதிவுக் கட்டணம் மட்டும். நம் பக்கம் பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடி அம்பேத்கர் அரசுக் கல்லூரி, ஆர்.கே. நகர் அரசுக் கல்லூரி. கொஞ்சம் தள்ளிப்போனால் பொன்னேரி லோகநாத நாராயணசாமி அரசுக் கல்லூரி. எதிர்த்திசையில் கடற்கரைச் சாலையில் மாநிலக் கல்லூரியும் ராணி மேரியும். எந்தக் கல்லூரியில் எந்த எம்.எஸ்ஸி. இருக்கிறது என்பதைத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்; எல்லாக் கல்லூரியிலும் எல்லாம் இருக்காது. பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரி அரசு உதவிபெறுவது, அங்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

இங்கே நுழைவுத் தேர்வு இல்லை. பி.எஸ்ஸி.யில் வாங்கிய 'பார்ட் த்ரீ' மதிப்பெண்தான் ரேங்க்கைத் தீர்மானிக்கிறது. அதாவது மேஜர் (முதன்மைப் பாடம்) தாள்களும் அலைட் (துணைப் பாடம்) தாள்களும். தமிழும் ஆங்கிலமும் இதில் சேராது. சுற்றுச்சூழல் கல்வி, வேல்யூ எஜுகேஷன் போன்ற பார்ட் ஃபோரும் சேராது. மொத்த சதவீதத்தைப் போட்டுவிட்டு, சரிபார்க்கும்போது மாட்டிக்கொள்பவர்கள் வருஷா வருஷம் இருக்கிறார்கள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஆறு செமஸ்டரின் மேஜர், அலைட் மார்க்குகளை வரிசையாக எழுதி, வாங்கியது எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். பிராக்டிகலை விட்டுவிட வேண்டாம். அலைட் கெமிஸ்ட்ரி பிராக்டிகலை விட்டுவிட்டு ரேங்க்கில் இறங்கிப்போன பெண்ணை எனக்குத் தெரியும்.

ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கலாம். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு கல்லூரியை மட்டும் போட்டுவிட்டு உட்காராதீர்கள். பெண்பிள்ளைகளின் அம்மாக்களிடம் இதை நான் சண்டைபோட்டே சொல்வேன்: "மெரினா பக்கம் போனா பொண்ணு கெட்டுப்போய்டாதுக்கா. டவுன் பஸ்ஸு ஃப்ரீதான்."

படி 3: சான்றிதழ்கள்

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் பி.எஸ்ஸி. முடித்த வருஷம் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வை எழுதி, பட்டியலில் என் பெயரும் வந்தது. அப்பா கடன் வாங்கி டிக்கெட் போட்டுக் கூட்டிப்போனார். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் சாதிச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஸ்டேட் சர்டிஃபிகேட். ஓ.பி.சி. எங்கே?" எனக்கு ஓ.பி.சி. என்றால் என்னவென்றே தெரியாது. நாங்கள் எம்.பி.சி. என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். பொதுப் பிரிவில் வைத்துப் பார்த்தால் என் மார்க் போதவில்லை. மறுநாள் காலை பேசின் பிரிட்ஜ் தாண்டும்போது அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதனால் முதலில் இதை மனதில் பதியவையுங்கள். தமிழ்நாட்டு ஒதுக்கீடு வேறு, மத்திய ஒதுக்கீடு வேறு. நம் மாநிலத்தில் 69 சதவீதம்: பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினர் 20, எஸ்.சி. 18 (அதற்குள் அருந்ததியர் 3), எஸ்.டி. 1. மத்திய நிறுவனங்களில் பி.சி.யும் எம்.பி.சி.யும் தனித்தனியாகக் கிடையாது, ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) என்று ஒரே பெட்டி, 27 சதவீதம். அங்கே எஸ்.சி. 15, எஸ்.டி. 7.5. உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. கிரீமிலேயர் (வசதி படைத்த பிரிவு) அல்லாதோர் சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். கையில் இருக்கும் நிரந்தரச் சாதி அட்டை அங்கே செல்லாது.

இன்னொரு கண்ணி: ஓ.பி.சி. சான்றிதழ் நிதியாண்டுக் கணக்கில் ஓடுவது. ஜூன், ஜூலையில் சேர்க்கை என்றால், அந்த வருஷம் ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கிய சான்றிதழைத்தான் கேட்பார்கள். ஜனவரியில் வாங்கியது அப்போது பழசாகிவிடும். ஏப்ரல் முதல் வாரத்தில் இ-சேவை மையத்துக்குப் போய் விண்ணப்பித்துவிடுங்கள். குடும்ப வருமான வரம்பு எட்டு லட்சம் என்பார்கள். பெற்றோரின் சம்பளத்தை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது தெரியாமல், அப்பாவுக்கு ஹார்பரில் சம்பளம் அதிகம் என்று விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் உண்டு.

இ-சேவையில் ஒரு சான்றிதழுக்கு 60 ரூபாய். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மேஜை மேஜையாக நகரும். தண்டையார்பேட்டை, பெரம்பூர், திருவொற்றியூர், மாதவரம் என்று எந்தத் தாலுகாவில் உங்கள் தெரு வருகிறது என்பதைச் சரியாகப் போடுங்கள். ரேஷன் கார்டில் ஒரு முகவரி, ஆதாரில் இன்னொரு முகவரி என்று இருந்தால் வி.ஏ.ஓ. மேஜையிலேயே நின்றுவிடும். சுனாமிக்குப் பிறகு குடிசை மாற்று வாரியக் குடியிருப்புக்கு மாறிய குடும்பங்களில் இது சகஜம். வருமானச் சான்றிதழ் ஒரு வருஷம் செல்லும், ஸ்காலர்ஷிப்புக்குக் கட்டாயம் வேண்டும்.

அடுத்தது பெயர். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'கவிதா மு', ஆதாரில் 'கவிதா முருகன்', டிகிரி சான்றிதழில் 'மு. கவிதா'. நமக்கு மூன்றும் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். தேசியத் தேர்வு விண்ணப்பங்களில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி பெயரைப் போடுங்கள். ஆதாரை அதற்கு ஏற்றபடி செப்டம்பருக்குள் திருத்திவிடுங்கள். பிறந்த தேதியையும் பாருங்கள்.

பி.எஸ்ஸி. பட்டத்தின் பெயரையும் கவனியுங்கள். சென்னைப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் தாவரவியல் 'பிளாண்ட் பயாலஜி அண்ட் பிளாண்ட் பயோடெக்னாலஜி' என்றும், விலங்கியல் 'அட்வான்ஸ்டு ஜுவாலஜி அண்ட் பயோடெக்னாலஜி' என்றும் நீளமாக இருக்கும். வடநாட்டுப் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இது விலங்கியலா பயோடெக்கா என்று சந்தேகம் வரும். விண்ணப்பத்தில் மார்க் ஷீட்டில் உள்ள பெயரையே எழுத்து மாறாமல் போடுங்கள். கூடவே, துறைத் தலைவரிடமோ முதல்வரிடமோ இது விலங்கியல் பட்டம்தான் என்று லெட்டர் ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மீதி எல்லாம் வழக்கமானவை: பத்து, பன்னிரண்டு மார்க் ஷீட், செமஸ்டர் மார்க் ஷீட்டுகள், புரவிஷனல், டி.சி., நன்னடத்தைச் சான்று. வேறு பல்கலைக்கழகம் போனால் மைக்ரேஷன் (இடமாற்றச் சான்று). ரிசல்ட் வரவில்லை என்றால் கல்லூரியில் போனஃபைடு (அங்கே படிப்பதற்கான சான்று). தமிழ் வழியில் படித்தவர்கள் கல்லூரியை விட்டு வரும்போதே தமிழ் வழிச் சான்றிதழையும் கேட்டு வாங்கிவிடுங்கள், எம்.எஸ்ஸி.க்கு வேண்டாம், பிறகு டி.என்.பி.எஸ்.சி. எழுதும்போது அலையாமல் இருக்கலாம்.

படி 4: படிவத்தை நிரப்புவது

டி.எச். ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டர். கடைசித் தேதிக்கு முந்தின நாள் சாயங்காலம். ஒரு பெண் கோடு போட்ட நோட்டில் கையெழுத்துப் போட்டு, அதை மொபைலில் படம் பிடித்து அனுப்பியிருக்கிறாள். கோடும் தெரிகிறது, அவள் விரலின் நிழலும் தெரிகிறது. படிவம் ஏற்க மறுக்கிறது. கடைக்காரர் சுருக்குகிறார், கேபி குறைகிறது, கையெழுத்து புழுவாகிவிடுகிறது. மறுபடி மறுப்பு. "அக்கா, இன்னாக்கா இது, எட்டு வாட்டி போட்டாச்சு!" என்று என்னைப் பார்த்தாள். வெள்ளை ஏ-ஃபோர் தாளில் கறுப்பு ஜெல் பேனாவால் பெரிதாகக் கையெழுத்துப் போடச் சொல்லி, வாசலில் வெளிச்சத்தில் வைத்து, நேர் மேலிருந்து படமெடுத்து, ஓரங்களை வெட்டினோம். முதல் தடவையிலேயே ஏறிவிட்டது. இதை வீட்டிலேயே நிதானமாகச் செய்து வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம், ஒரு கையெழுத்து, சான்றிதழ்களின் பிடிஎஃப். எல்லாவற்றுக்கும் புரியும்படி பெயர் வைத்து, உங்கள் மெயிலுக்கே ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.

கையெழுத்தைவிடப் பெரிய ஆபத்து மொபைல் நம்பர். கடைக்காரர் அவசரத்தில் தன் நம்பரையும் தன் மெயிலையும் போட்டுவிடுவார். ஓ.டி.பி. அவருக்குப் போகும். மூன்று மாதம் கழித்து உங்களுக்கு சீட் ஒதுக்கீட்டு மெசேஜ் வரும்போது, அதுவும் அவர் போனுக்கே போகும். பெரம்பூர்ப் பையன் ஒருவனுக்கு இப்படித்தான் ஒரு நல்ல இடம் போனது. உங்கள் நம்பர், உங்கள் மெயில், நீங்கள் வைத்த பாஸ்வேர்டு. பாஸ்வேர்டை அம்மா நம்பரைப் போல மனப்பாடம் செய்யுங்கள், இல்லையென்றால் நோட்டில் எழுதுங்கள். அடிக்கடி ரீசார்ஜ் தீர்ந்துபோகும் சிம்மை இதற்குக் கொடுக்க வேண்டாம்.

பணம் கட்டியதும் பக்கம் சுற்றிக்கொண்டே நின்றால் உடனே இரண்டாவது முறை கட்டாதீர்கள். கணக்கில் பணம் போயிருக்கிறதா, விண்ணப்பத்தின் நிலை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். கன்ஃபர்மேஷன் பக்கம் வந்தால்தான் விண்ணப்பம் போனதாக அர்த்தம். அதை அச்செடுத்து ஃபைலில் வையுங்கள்.

படி 5: தேர்வுக்குப் படிப்பது

கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்ட வேண்டுமா என்று கேட்பார்கள். க்யூட் லைஃப் சயின்சஸுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. பதினொன்று, பன்னிரண்டு உயிரியல் பாடப்புத்தகங்களை முதல் பக்கத்திலிருந்து ஒரு தடவை, அதற்குமேல் பி.எஸ்ஸி.யில் படித்த செல் பயாலஜி, ஜெனடிக்ஸ், பயோகெமிஸ்ட்ரி, ஃபிசியாலஜி, எகாலஜி, அதன் பிறகு பழைய கேள்வித்தாள்கள். ஜாம் அப்படியல்ல. அதில் ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரியாக இருக்கும் கேள்விகளும், எண்ணையே விடையாக டைப் செய்ய வேண்டிய கேள்விகளும் உண்டு. பழைய தாள்களைப் போட்டுப் பார்க்காமல் போனால் நேரம் காணாது.

தமிழ் வழியில் படித்த பிள்ளைகளுக்கு ஒரு வேலை கூடுதல். 'இழைமணி' தெரியும், மைட்டோகாண்ட்ரியா என்று கேட்டால் ஒரு விநாடி யோசிப்பார்கள். தேர்வில் அந்த ஒரு விநாடி எழுபத்தைந்து தடவை கூடும். தமிழ் வழிப் புத்தகத்தையும் ஆங்கில வழிப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கலைச்சொற்களை இரண்டு பத்தியாக ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு மாதத்தில் தயக்கம் போய்விடும். வீட்டில் இடம் இல்லை, பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் என்றால் கொளத்தூர் முதல்வர் படைப்பகம், எழும்பூர் கன்னிமாரா, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் என்று இடங்கள் இருக்கின்றன.

படி 6: கவுன்சிலிங்கும் நேர்காணலும்

அரசுக் கல்லூரியில் தரவரிசைப் பட்டியல் வந்ததும், சிறப்புப் பிரிவினருக்கு முதலில், பிறகு பொதுவாகக் கவுன்சிலிங் நடக்கும். மாற்றுத்திறனாளி, விளையாட்டு, என்.சி.சி., முன்னாள் ராணுவத்தினரின் பிள்ளைகள் இந்தச் சிறப்புப் பிரிவில் வருவார்கள். உங்கள் ரேங்க் எப்போது கூப்பிடப்படும் என்பதைத் தினமும் பாருங்கள், கல்லூரி வாசல் போர்டிலும் பாருங்கள். ஒரிஜினலோடு காலை எட்டரைக்கே போய்விடுங்கள். கூப்பிடும்போது ஆள் இல்லை என்றால் அடுத்தவருக்குப் போய்விடும்.

சில இடங்களில் நேர்காணல் உண்டு. என்னிடம் படித்த ஒரு காசிமேட்டுப் பெண், ஆங்கிலத்தில் "டெல் அஸ் அபவுட் யுவர்செல்ஃப்" என்றதும் உறைந்துபோய்விட்டாள். குழுவில் இருந்த ஒரு பேராசிரியை அவள் முகவரியைப் பார்த்துவிட்டு, தமிழில், "நண்டுல ஆண் எது, பெண் எதுன்னு எப்படிம்மா சொல்லுவ?" என்றார். இவள் மேஜையில் விரலால் வரைந்தே காட்டிவிட்டாள்: திருப்பிப் போட்டால் வயிற்று மடல் குறுகலாக இருந்தால் ஆண், அகன்று அரைவட்டமாக இருந்தால் பெண், முட்டை தள்ளும் நேரத்தில் மடல் எப்படி விலகி நிற்கும் என்பது வரை. முக்கண்ணன் நண்டு எந்த மாசம் நிறைய வரும் என்றும் சேர்த்துச் சொன்னாளாம். இடம் கிடைத்தது.

நேர்காணலிலோ, 'ஏன் இந்தப் படிப்பு' என்று எழுதிக் கேட்கும் விண்ணப்பத்திலோ, "சிறுவயது முதலே அறிவியலில் ஆர்வம்" என்று ஆரம்பிக்காதீர்கள். எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். நம் வாசலில் இருக்கும் உயிரியலை எழுதுங்கள். கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் 'காக்கா ஆழி' என்று மீனவர்கள் சொல்லும் தென் அமெரிக்க மட்டி பரவி, சேற்றின் மேல் பாய் விரித்த மாதிரி படிந்து, மஞ்சள் மட்டியையும் இறாலையும் விரட்டுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூரில் எண்ணெய் படர்ந்து, கூழைக்கடாக்கள் இறகு கறுத்து நின்றன. பழவேற்காட்டில் பூநாரை. இதில் ஒன்றைப் பற்றி, நீங்கள் கண்ணால் பார்த்ததை, என்ன கேள்வி எழுந்தது என்பதோடு பத்து வரி எழுதினால், கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். இறுதியாண்டு புராஜெக்ட்டையும் முடிந்தால் இப்படி ஒன்றில் செய்யுங்கள்.

படி 7: பணம், இடம் மாறுவது

அரசுக் கல்லூரியில் கட்டணம் பெரிய சுமையாக இருக்காது. உதவிபெறும் கல்லூரியில் ஒரு கேள்வி கேட்காமல் பணம் கட்டாதீர்கள்: "இது எய்டடா (அரசு உதவிபெறுவதா), செல்ஃப் ஃபைனான்ஸா (சுயநிதியா)?" ஒரே கட்டடம், ஒரே பாடம், ஷிஃப்ட் மட்டும் வேறு, கட்டணம் மடங்குகளில் மாறும். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு, குடும்ப வருமான வரம்பு இரண்டரை லட்சம். பி.சி., எம்.பி.சி.க்கும் தனியாக உண்டு. கல்லூரி அலுவலகத்தில் தேதி அறிவித்த அன்றே விண்ணப்பியுங்கள். புதுமைப் பெண் ஆயிரம் ரூபாய் இளநிலையோடு முடிந்துவிடும், எம்.எஸ்ஸி.க்கும் வரும் என்று கணக்குப் போட்டுவைத்த வீடுகளில் இதைச் சொல்லும்போது எனக்கே சங்கடமாக இருக்கும்.

முதலில் கிடைத்த இடத்தில் சேர்ந்துவிட்டு, பிறகு நல்ல இடம் வந்தால் என்ன செய்வது? சேருங்கள், பயப்பட வேண்டாம். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது, சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும் என்று யு.ஜி.சி. 2018-இல் அறிவித்திருக்கிறது. சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால், சிறு பிடித்தம் போக முழுப் பணமும் திரும்ப வர வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. நாள் தள்ளத் தள்ள வரும் தொகை குறையும். வாயால் கேட்காதீர்கள், விலகல் கடிதத்தை எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள்.

சேரும் நாளன்று ஃபைலில் ஒரிஜினல்கள், மூன்று செட் ஜெராக்ஸ், எட்டு போட்டோ, ஒரு பேனா, கொஞ்சம் பசை. மெட்ரோவில் போனாலும் மழைக்கோட்டு மாதிரி ஒரு பெரிய பிளாஸ்டிக் கவர் மேலே போட்டுக்கொள்ளுங்கள். ஆகஸ்ட்டில் நம் பக்கம் சாயங்காலம் எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது. சேர்ந்த கையோடு அலுவலகத்தில் பஸ் பாஸ் படிவத்தையும் கேட்டு வாங்கிவிடுங்கள். அதைக் கொடுக்கும் ஜன்னல் பெரும்பாலும் மதியத்துக்குள் மூடிவிடும்.